வலப்பக்கமாகவே சுற்றிய ஆடு

போன வருஷம் ஆடிக் கடைசியில் ஒரு நாள் ராத்திரி அப்பா போன் பண்ணினார். "சுட்டி பட்டிக்கு வரலை பாப்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நாற்பத்து மூன்று உருப்படியில் ஒன்று குறைகிறது என்பதற்காக அப்பா எனக்குப் போன் பண்ண மாட்டார். திருட்டு, தெருநாய், கிணறு என்று வருஷத்துக்கு ஒன்றிரண்டு போகத்தான் செய்யும். குரலைக் கேட்டதுமே வேறு ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. மெதுவாகக் கேட்டபோது சொன்னார். ஒரு வாரமாகவே சுட்டி மந்தையை விட்டு விலகி நின்றதாம். தழை ஒடித்துப் போட்டால் மற்றதெல்லாம் முண்டியடித்துக்கொண்டு வரும்போது, அது மட்டும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு சும்மா நின்றதாம்.

மறுநாள் காலையில் ஏரி உள்வாயில், வேலிக்காத்தான் புதர் ஓரமாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். உயிரோடுதான் இருந்தது. நின்ற இடத்திலேயே வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை நான் ஊருக்குப் போனதும் அப்பா அந்த இடத்தைக் கொண்டுபோய்க் காட்டினார். காய்ந்த ஏரி மண்ணில் மூன்று முழ அகலத்துக்கு ஒரு வட்டம். புல் நசுங்கி, மண் மாவாகி, செக்குமாடு நடந்த தடம் மாதிரி இருந்தது. குளம்பு பட்டு ஒரு விரல்கடை ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. நாலடி தள்ளி நல்ல அறுகம்புல் பச்சையாக இருந்தது. அதில் வாய் வைக்கவே இல்லை. ராத்திரி முழுக்கச் சுற்றியிருக்கிறது.

எங்கள் ஊர் வேப்பூருக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவில் இருக்கிறது. கடலூர் மாவட்டம் என்றாலே வெளியூர்க்காரர்களுக்குக் கடலும் பண்ருட்டிப் பலாவும் நெய்வேலிச் சுரங்கமும்தான் நினைவுக்கு வரும். மேற்கே வந்தால் மானாவாரி பூமி. மக்காச்சோளம், பருத்தி, அதை விட்டால் ஆடு. வெள்ளிக்கிழமை வேப்பூர் சந்தைக்குப் போய்ப் பார்த்தால் இந்தப் பக்கத்துப் பிழைப்பு எதை நம்பி ஓடுகிறது என்று விளங்கிவிடும். எங்கள் வீட்டில் ஆடு வந்த கதையும் சிறியதுதான். 2011இல் அரசு விலையில்லா ஆடுகள் திட்டத்தைத் தொடங்கியது. அதில் அம்மா பெயருக்கு நான்கு செம்மறி கிடைத்தது. அந்த நான்கின் வழியாகப் பெருகியதுதான் என் படிப்புச் செலவில் பாதி. நான் லேப் டெக்னீசியன் படித்து, இப்போது புதுச்சேரியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். சுட்டி அந்த முதல் நான்கில் ஒன்றின் கொள்ளுப்பேத்தியின் மகள். நெற்றியில் வெள்ளைச் சுட்டி. வயது பதினான்கு மாதம்.

ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். காத்து பட்டிருக்கும், எலுமிச்சம்பழம் சுற்றிப் போடு என்று ஒருவர். "நெத்தியில சூடு போடுடா, சரியாயிடும். எங்க காலத்துல அப்படித்தான் பண்ணுவோம்" என்றார் பெரியப்பா. அப்பா அதற்கு மனசில்லாமல் மருந்துக் கடைக்குப் போய்க் கேட்டிருக்கிறார். அங்கே ஆட்டைப் பார்க்காமலேயே குடற்புழு மருந்து ஒரு பாட்டிலும் ஊசி மருந்து ஒன்றும் கொடுத்து அனுப்பினார்கள். ஐந்து நாள் அது போயிற்று. சுட்டி அதே வலப்பக்கமாகச் சுற்றியது. இடப்பக்கம் சுவரோ வேலியோ இருந்தால் பார்க்காமல் போய் முட்டிக்கொண்டது.

நான் வந்த அன்றே கால்நடை மருத்துவ உதவி எண் 1962க்குப் போன் போட்டோம். வந்த டாக்டரம்மா முதலில் ஆட்டைத் தொடவே இல்லை. பத்து நிமிஷம் சும்மா நின்று பார்த்தார். அப்புறம் கையை மெதுவாக அதன் இடக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். இமைக்கவில்லை. வலக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. பிறகு கட்டை விரலால் மண்டையில் அங்குலம் அங்குலமாக அமுக்கிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, "இங்க வச்சுப் பாருங்க" என்று என் விரலைப் பிடித்து வைத்தார். எலும்பு இருக்க வேண்டிய இடம் கொஞ்சம் அமுங்கியது. பழுக்க ஆரம்பித்த சப்போட்டாவை அமுக்கினால் எப்படி இருக்கும், அப்படி.

அப்புறம் அவர் கேட்ட முதல் கேள்விதான் எங்களைத் திகைக்க வைத்தது. ஆட்டுக்கு என்ன தீனி போட்டீர்கள், என்ன மருந்து கொடுத்தீர்கள் என்றெல்லாம் கேட்கவில்லை.

"நாய் வச்சிருக்கீங்களா?"

மணி திண்ணையில் படுத்திருந்தது. வாலை ஆட்டியது.

ஆடு சுற்றினாலே அது இந்த நோய்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் அவர் அன்றைக்கே சொன்னார். மூக்கில் ஒருவகை ஈ வந்து குட்டிப் புழுவை விட்டுவிட்டுப் போகும். அந்த ஆடு தும்மும், தலையை உதறும், சளி ஒழுகும். மக்காச்சோளத்தை மூட்டை அவிழ்த்துத் தின்றுவிட்ட ஆட்டுக்கு வயிறு புளித்து வைட்டமின் பி1 குறைந்து, கண் தெரியாமல் வானத்தைப் பார்த்தபடி தலை பின்னால் வளையும். அதற்கு அன்றைக்கே ஊசி போட்டால் எழுந்துவிடும். லிஸ்டீரியா என்ற பாக்டீரியா மூளைத்தண்டைத் தாக்கினாலும் சுற்றும். ஒரு பக்கக் காது தொங்கும், வாயோரம் எச்சில் ஒழுகும், காய்ச்சல் அடிக்கும். துள்ளுமாரி என்றால் சுற்றுவதற்கெல்லாம் நேரம் இருக்காது, காலையில் நன்றாக இருந்தது மதியம் செத்துக் கிடக்கும். வெறிநாய் கடித்த ஆடும் தலைகால் தெரியாமல் நடக்கும். அதனால் என்ன நோய் என்று தெரியாத ஆட்டின் வாய்க்குள் யாரும் கை விடக் கூடாது. இதை அவர் இரண்டு முறை சொன்னார். நானும் இங்கே அழுத்தியே எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் முதலில் செய்வதே வாயைப் பிளந்து கையை விட்டு எதையாவது ஊற்றுவதுதான்.

சுட்டிக்கு இருந்தது வேறு. காய்ச்சல் இல்லை. மெதுவாக, வாரக் கணக்கில் வந்தது. ஒரே பக்கமாகச் சுற்றல், எதிர்ப்பக்கக் கண்ணில் பார்வை இல்லை, மண்டையோடு ஓரிடத்தில் மெலிந்திருக்கிறது. வலப்பக்க மூளையில் நீர்க்கட்டி. அதை உண்டாக்குவது ஒரு நாடாப்புழுவின் குஞ்சு. புழுவின் பெயர் டீனியா மல்டிசெப்ஸ். மல்டிசெப்ஸ் என்றால் லத்தீனில் பல தலை.

அந்தப் புழு வளர்ந்து பெரிதாகி வாழ்வது நாயின் குடலில். அரை மீட்டர், சில சமயம் ஒரு மீட்டர் நீளம் வரை இருக்கும். நாய்க்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. தின்னும், ஓடும், குரைக்கும், நம்மோடு மந்தைக்கு வரும். புழுவின் கடைசித் துண்டுகள் கழன்று மலத்தோடு வெளியே வரும். பார்த்தால் ஈரமான அவல் மாதிரி இருக்கும். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஆயிரக்கணக்கான முட்டை. கண்ணுக்குத் தெரியாது. வெயிலில் காய்ந்தால் சாகும், ஆனால் நிழலும் ஈரமும் இருக்கிற புல்லடியில் நெடுநாள் தாங்கும். ஆடு புல்லோடு சேர்த்து அதை மேய்கிறது, அல்லது குட்டைத் தண்ணீரில் குடிக்கிறது. குடலில் முட்டை உடைந்து, உள்ளே இருப்பது குடற்சுவரைத் துளைத்து ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றுகிறது. மற்ற இடங்களுக்குப் போனவை பெரும்பாலும் அங்கேயே செத்துப்போகும். மூளைக்கோ தண்டுவடத்துக்கோ போய்ச் சேர்ந்தது மட்டும் வளரும். முட்டை ஒரேயடியாக நிறையப் போய்விட்டால் சின்னக் குட்டிகள் இரண்டு மூன்று வாரத்திலேயே காய்ச்சலும் வலிப்பும் வந்து செத்துவிடும். அதை நாம் வேறு ஏதோ நோய் என்று நினைத்துக்கொள்வோம். தப்பிப் பிழைத்ததில் ஒரு கட்டி மட்டும் ஆறு, எட்டு மாதம் சத்தமில்லாமல் வளர்ந்து எலுமிச்சம்பழ அளவுக்கு வரும்போதுதான் ஆடு சுற்ற ஆரம்பிக்கிறது. அதனால்தான் இந்த நோய் பெரும்பாலும் இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆடுகளில்தான் தெரியும். வயதான ஆட்டின் உடம்பு அதை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொண்டிருக்கும்.

சரி, நாய்க்கு எங்கிருந்து வந்தது? கட்டி இருந்த ஆட்டின் தலையைத் தின்றதால். பெரும்பாலும் அதுதான் வழி.

டாக்டரம்மா இதைச் சொல்லி முடித்ததும் அப்பா என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்துக்கொண்டேன். ஏனென்றால் அந்தத் தலையைப் போட்டது நான்தான்.

அதற்கு முந்தின வருஷம் பொங்கல் முடிந்த வாரம். ஒரு பெட்டை இதே மாதிரி தலை சாய்ந்து சுற்றி, எழ முடியாமல் படுத்துவிட்டது. சாவதற்கு முன்னால் அறுத்தார்கள். கறியைக் கூறு போட்டு எடுத்துக்கொண்டார்கள். தலையை மட்டும் யாரும் கேட்கவில்லை. எங்கள் பக்கம் தலைக்கறிக்கு எப்போதும் போட்டிதான். தீயில் வாட்டி, மஞ்சள் பூசிக் கழுவி, மிளகு அரைத்துப் போட்டு வைத்தால் வீடே மணக்கும். மூளையைக் குழந்தைகளுக்கென்று தனியாக எடுத்து வைப்பார்கள். ஆனால் கிறுக்குப் பிடித்த ஆட்டின் தலை வேண்டாம், தின்றால் நமக்கும் கிறுக்குப் பிடிக்கும் என்று அம்மா சொன்னாள். எங்கள் ஊரில் எல்லா அம்மாக்களும் அப்படித்தான் சொல்வார்கள். "அப்புறம் என்ன பண்றது?" என்று கேட்டேன். "மணிக்குப் போடு" என்றாள். நான் கொல்லையில் கொண்டுபோய்ப் போட்டேன். மணியும் பக்கத்துத் தெரு நாய் இரண்டும் சாயங்காலம் வரைக்கும் அதைக் கடித்துக்கொண்டிருந்தன.

எனக்கு இன்னும் ஆறாத இடம் இதுதான். நல்ல ஆட்டின் தலை எங்கள் ஊரில் நாய்க்குப் போகவே போகாது. அது குழம்புச் சட்டிக்குப் போகிறது, கொதிக்கிறது. அதில் கட்டி இருந்தாலும் வெந்து செத்துவிடும். நோய் கண்ட தலை மட்டும்தான், நம் வாய்க்கு வேண்டாம் என்று பயந்து, பச்சையாக நாய்க்குப் போகிறது. எந்தத் தலை நாயின் வாய்க்குப் போகவே கூடாதோ, அதைத் தேடி எடுத்து நாமே ஊட்டுகிறோம். பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தப் பயம் பாதி வழியில் நின்றுவிட்டது. தலையை ஒதுக்கியவர்கள் அதைக் குழி தோண்டிப் புதைத்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

கசாப்புக் கடைகளிலும் இதே கதைதான். தலையைப் பிளக்கும்போது உள்ளே தண்ணீர்ப் பை இருந்தால் கடைக்காரர் முகம் சுளித்துப் பின்பக்கம் வீசுவார். அங்கே நாய்கள் காத்துக்கொண்டிருக்கும். சந்தைக்கு வருகிற சுற்றும் ஆடுகளும் பாதி விலைக்குக் கைமாறி இப்படித்தான் முடிகின்றன.

டாக்டரம்மா இரண்டு வழி சொன்னார். ஆட்டைக் கழித்துவிடலாம். அல்லது மண்டையைத் திறந்து கட்டியை எடுக்கலாம். குடற்புழு மருந்து ஊற்றி இந்த அளவுக் கட்டியைக் கரைக்க முடியாது என்றும் சொன்னார். ஒரு ஆட்டுக்கு ஆபரேஷனா என்று ஊரில் எல்லாரும் கேட்டார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர்கள் கேட்டது சரிதான். குட்டி யானை வாடகை, மருந்து, என் இரண்டு நாள் சம்பளம் எல்லாம் சேர்த்தால் ஆட்டின் விலையை நெருங்கும். ஆனால் தலையைப் போட்டது நான். அதனால் கணக்குப் போடவில்லை.

புதுச்சேரியில் குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். விடியற்காலை நான்கு மணிக்கு வைக்கோல் பரப்பி ஏற்றினோம். அப்பா பின்னால் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தார். உளுந்தூர்பேட்டையில் டீ குடிக்கக்கூட இறங்கவில்லை.

ஆபரேஷனை நான் பார்த்தேன். லேப்காரி என்று சொல்லிக் கேட்டதும் ஓரமாக நிற்க விட்டார்கள். மயக்க மருந்து கொடுத்து, மண்டையில் மயிரை மழித்து, தோலைக் குதிரை லாடம் மாதிரி கீறி மடித்தார்கள். மெலிந்திருந்த இடத்தில் எலும்பை ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் திறந்தார்கள். பெரிய முயற்சி ஒன்றும் தேவைப்படவில்லை. அப்பளத்தைவிடக் கொஞ்சம் தடிமனாகத்தான் இருந்தது. கீழே இருந்த சவ்வைக் கீறியதும் உள்ளேயிருந்து ஒரு கண்ணாடிப் பை மேலே புடைத்துக்கொண்டு வந்தது. ஊசியில் தண்ணீரை உறிஞ்சினார்கள். சுத்தமான, நிறமே இல்லாத தண்ணீர். பிறகு ஆட்டின் தலையைத் திருப்பிச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, பையின் விளிம்பை இடுக்கியால் பிடித்து, அவசரமே இல்லாமல் இழுத்தார்கள். பலூன் மாதிரி வழுக்கிக்கொண்டு முழுசாக வந்தது. மொத்தம் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

எவர்சில்வர் தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டார்கள். வெங்காயத் தோலின் உள்சவ்வு போல மெல்லியது. அதன் உள்பக்கம் கொத்துக் கொத்தாக வெள்ளைப் புள்ளிகள். வேகவைத்த பொடி ஜவ்வரிசியைத் தெளித்து வைத்தது போல் இருந்தது. எண்ண ஆரம்பித்து அறுபதில் விட்டுவிட்டேன். இன்னும் எவ்வளவோ இருந்தன. ஒவ்வொரு புள்ளியும் ஒரு தலை. ஒன்றைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் காட்டினார்கள். நான் தினமும் அந்தக் கருவியில்தான் கண்ணை வைத்துக்கொண்டு உட்காருகிறேன். ஆனாலும் அன்றைக்கு விலக முடியவில்லை. நான்கு உறிஞ்சிகள், நடுவில் கிரீடம் வைத்தது போல இரண்டு வரிசைக் கொக்கிகள். அரிவாள் மாதிரி வளைந்த கொக்கிகள். நாயின் குடலில் பற்றிக்கொள்வதற்காக ஆட்டின் மூளைக்குள் உட்கார்ந்து தீட்டி வைத்திருக்கிறது. அந்தத் தட்டில் இருந்ததை ஒரு நாய் தின்றிருந்தால் அத்தனை புள்ளியும் தனித்தனி நாடாப்புழுவாக வளர வாய்ப்புண்டு. ஆறு வாரத்தில் முட்டை விட ஆரம்பித்திருக்கும். பல தலை என்று பெயர் வைத்தவர் சரியாகத்தான் வைத்திருக்கிறார்.

இந்தச் சங்கதி மனிதனுக்குத் தெரிந்து எவ்வளவு காலமாகிறது என்று பிறகு தேடிப் படித்தேன். ஏறக்குறைய 2400 ஆண்டுகளுக்கு முன்பு, ஹிப்போகிரட்டீஸ் மரபில் வந்த கிரேக்க வைத்தியர்கள் இதை எழுதியிருக்கிறார்கள். வலிப்பு வருவது தெய்வக் குற்றம் அல்ல என்று வாதிடும்போது, வலிப்பு கண்ட ஆட்டின் தலையைத் திறந்து பாருங்கள், மூளை நீர் கோத்து நாற்றமடிப்பது தெரியும், தெய்வமல்ல நோய்தான் உடம்பைக் கெடுக்கிறது என்று சொல்கிறார்கள். எங்கள் ஊரில் எலுமிச்சம்பழம் சுற்றச் சொன்னவரை நினைத்துக்கொண்டேன். அந்தக் காலத்து ஆடு மேய்ப்பவர்களும் அதையேதான் சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது.

ஆனால் அந்த நீருக்கும் நாய்க்கும் என்ன சம்பந்தம் என்று தெரிய 1850களை எட்ட வேண்டியிருந்தது. ஜெர்மனியில் குயூகன்மைஸ்டர் என்ற மருத்துவர் ஆட்டு மூளைக் கட்டியை நாய்களுக்குத் தின்னக் கொடுத்தார். நாயின் குடலில் நாடாப்புழு வளர்ந்தது. அந்தப் புழுவின் முட்டைத் துண்டுகளை ஆட்டுக்குட்டிகளுக்குக் கொடுத்தபோது குட்டிகள் தலை கிறுகிறுத்துச் சுற்றின. அதுவரை கட்டி வேறு, நாடாப்புழு வேறு என்றுதான் படித்தவர்களும் நினைத்திருந்தார்கள்.

இதைவிட என்னைத் தொட்டது ஐஸ்லாந்துக் கதை. அங்கே தொல்லை கொடுத்தது இதன் பங்காளிப் புழு. நாயின் குடலில் சின்னதாக வாழ்ந்து, ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்ப்பை கட்டும். ஹைடேடிட் என்பார்கள். அது மனிதர்களுக்கும் வரும், நம் நாட்டிலும் உண்டு. 1860களில் டென்மார்க்கைச் சேர்ந்த ஹரால்ட் கிராபே என்பவர் ஐஸ்லாந்துக்குப் போய் நாய்களை ஆராய்ந்து, இந்த நோய் எப்படிச் சுற்றுகிறது, எப்படி நிறுத்தலாம் என்று சாதாரண ஜனங்களுக்காக ஒரு சிறு புத்தகம் எழுதினார். அதை அச்சடித்து வீட்டுக்கு வீடு இலவசமாகக் கொடுத்தார்கள். ஆடு வளர்க்கிறவர்கள் குளிர்காலத்தில் அதை உட்கார்ந்து படித்தார்கள். நாய்க்குப் பேதிக்குக் கொடுத்தார்கள், கட்டி கண்ட உறுப்புகளை நாய்க்குக் கிடைக்காமல் புதைத்தார்கள், பிறகு சட்டமும் வந்தது. மக்களை வாட்டிய அந்த நோய் அந்தத் தீவில் ஒழிந்தது. அப்போது இன்றைக்கு இருக்கிற மாதிரி நல்ல மாத்திரைகூடக் கிடையாது.

நம்மிடம் மாத்திரை இருக்கிறது. பிராசிகுவாண்டெல். நாயின் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம். மணி இருபது கிலோ, அதற்கு 100 மில்லிகிராம் போதும். கறித்துண்டுக்குள் வைத்துக் கொடுத்தால் மென்றுகூடப் பார்க்காமல் விழுங்கிவிடும். புழு வளர்ந்து முட்டைவிட ஆறு வாரம் ஆகும் என்பதால் ஆறு வாரத்துக்கு ஒருமுறை கொடுத்துவிட்டால் முட்டை வெளியே வரவே இடமில்லை. ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால் கொடுத்த பிறகு இரண்டு மூன்று நாள் நாயைக் கட்டிப் போட்டு, மலத்தை அள்ளிப் புதைக்கவோ எரிக்கவோ வேண்டும். மணிக்கு முதல் தடவை கொடுத்தபோது நான் ஊரில்தான் இருந்தேன். மறுநாள் காலையில் அப்பா குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். பேசவே இல்லை, காட்டினார். மாவுநாடா போல மடிந்து மடிந்து கிடந்தது. அப்பா நேராகப் போய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார்.

நமக்கு வருமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். இந்த மூளைப்புழு மனிதருக்கு வருவது மிக மிக அபூர்வம். வந்தாலும் ஆட்டுக்கறியால் வராது, நாய் மலத்திலிருக்கும் முட்டை வாய்க்குப் போனால்தான் வரும். நாயோடு விளையாடிய குழந்தை கை கழுவாமல் சாப்பிடக் கூடாது என்பது இதற்கும் பொருந்தும், ஹைடேடிட்டுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் மூளையில் புழுக்கட்டி, அதனால் வலிப்பு என்று கேள்விப்படுவது இது அல்ல. அது பன்றி நாடாப்புழுவால் வருவது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஆட்டு மூளை சாப்பிட்டால் வலிப்பு வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்ற விடுகிறார்கள். வெந்த தலைக்கறியைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

சுட்டி மூன்றாம் நாள் நேராக நடந்தது. அதற்கு முன் இரண்டு நாள் எழுந்து எழுந்து விழுந்தது. அப்பா கல்லூரி வளாகத்திலேயே துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு கையால் தழை ஊட்டினார். இடக் கண்ணில் பார்வை திரும்ப மூன்று வாரம் பிடித்தது. இந்தப் பங்குனியில் ஒரு கிடாக்குட்டி போட்டது. குட்டிக்கும் நெற்றியில் சுட்டி இருக்கிறது. ஆபரேஷன் செய்த எல்லா ஆடும் பிழைக்காது. கட்டி ஆழத்தில் இருந்தாலோ, சிறுமூளையில் இருந்தாலோ, ஒன்றுக்கு மேல் இருந்தாலோ கஷ்டம்தான். எங்களுக்கு நல்ல இடத்தில் இருந்தது.

ஊரில் நாய் விஷயத்தைப் பேசுவதுதான் ஆபரேஷனைவிடக் கடினமாக இருந்தது. எங்கள் மந்தைக்குப் பக்கத்தில் ஏழெட்டு மந்தை மேய்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாய், இரண்டு நாய். மணிக்கு மட்டும் மாத்திரை கொடுத்தால் அது பாதிதான். தவிர, தை மாசியில் சம்பா அறுப்பு முடிந்ததும் தெற்கேயிருந்து, ராமநாதபுரம் பக்கமிருந்தெல்லாம் ஊர் ஊராக ஆடு மேய்த்துப் போகிற கீதாரிகள் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வயல்களுக்குக் கிடை போட வருவார்கள். நூற்றுக்கணக்கான ஆடுகள் ஒரே வயலில் ராத்தங்கும். வயலுக்கு எரு, அவர்களுக்குக் கூலி. அருமையான ஏற்பாடு அது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் கூடவே நாயும் வருகிறது. வழியில் ஆடு செத்தால் தலை என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஊர் ஊராக ஊசி போடக் கால்நடைத் துறை ஆட்கள் வருகிறார்கள். ஆட்டுக்கு மருந்து ஊற்றுகிறார்கள். நாயையும் மந்தையில் ஒரு உருப்படியாக எண்ணி அன்றைக்கே ஒரு மாத்திரை கொடுத்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

சித்திரையில் பெரியப்பா மந்தையில் ஒரு கிடா சுற்றியது. அவர் சூட்டுக்கோலைத் தேடவில்லை, அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். கட்டி கழுத்துப் பக்கம் ஆழத்தில், ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அறுத்தார்கள். தலையை அப்பாவே எடுத்துக்கொண்டுபோய், வேப்ப மரத்துக்குப் பின்னால் இடுப்பளவு குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் போட்டு மூடி, மேலே வேலிக்காத்தான் முள்ளை வெட்டிப் பரப்பி, அம்மிக்கல் மாதிரி ஒரு கல்லையும் தூக்கி வைத்திருக்கிறார். மணியும் பெரியப்பா வீட்டு நாயும் குழிக்குப் பக்கத்தில் கடைசிவரை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தனவாம்.

நேற்று ராத்திரி போன் வந்தது.

"பாப்பா, சனிக்கிழமை வர்றப்ப மணிக்கு மாத்திரை வாங்கிட்டு வா. ஆறு வாரம் ஆயிடுச்சு."

"சரிப்பா. ரெண்டு மாத்திரைதானே?"

"இல்ல, பதினாறு வாங்கு. உங்க பெரியப்பா அவரு நாய்க்கும் வேணுங்கறாரு. ஏரிக்கரை ஆளுங்களும் காசு கொடுத்திருக்காங்க."